மருந்துக்கடை வாசல்: கொழுப்பு மாத்திரை ராத்திரிதான் போடணுமா?

போன இதழில் சுகர் மாத்திரை பற்றி எழுதும்போது நடுவில் ஒரு வரியில், கொழுப்பு மாத்திரைக்கு எல்லாரும் நேரம் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு அப்படியே கடந்துபோய்விட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடலூர், பண்ருட்டி, நெய்வேலி, முத்தியால்பேட்டை என்று எல்லாப் பக்கமிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். அரசு மருத்துவமனை மருந்தகத்தில் 31 வருஷம் சன்னல் ஓரம் உட்கார்ந்து மாத்திரை எண்ணிக் கொடுத்தவள் நான். இதே கேள்வியை நேரில் கேட்டவர்கள் நிறைய. அப்போதெல்லாம் பின்னால் வரிசை நிற்கும், "ராத்திரி போடுங்க" என்று இரண்டே வார்த்தையில் அனுப்பிவிடுவோம். இப்போது இடம் இருக்கிறது, பொறுமையாகவே பேசலாம்.

வணக்கம் மேடம். என் வீட்டுக்காரருக்கு 57 வயசு, பான்பரி மார்க்கெட்டில் காய்கறி வியாபாரம். போன வருஷம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அட்டோர்வாஸ்டாடின் 40 எழுதி, சீட்டில் 0-0-1, அதாவது ராத்திரி மட்டும் ஒன்று என்று போட்டிருக்கிறார்கள். லோடு இறக்க ராத்திரி இரண்டரைக்கு எழுந்து போகிறவர், அதனால் ஏழரை எட்டுக்குச் சாப்பிட்டதும் அப்படியே கண் அசந்துவிடுகிறார். எழுப்பினால் கோபம் வருகிறது. போன மாசம் அட்டையை எண்ணினேன், 30 மாத்திரையில் 13 அப்படியே இருக்கிறது. காலையில் கொடுக்கலாம் என்றால், பக்கத்து வீட்டு அண்ணி, கொழுப்பு ராத்திரியில்தான் ஊறும், பகலில் போட்டால் மாத்திரை வீண் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

அட்டையை எண்ணிப் பார்த்தீர்களே அம்மா, பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. பெரும்பாலான வீடுகளில் யாரும் எண்ணுவதில்லை.

முதலில் பதில்: அவர் போடுவது அட்டோர்வாஸ்டாடின் என்றால் காலையில் போடலாம், மத்தியானமும் போடலாம், எதுவும் வீணாகாது. வீணாவது அந்த 13 மாத்திரைதான்.

உங்கள் அண்ணி சொன்னது பொய்யில்லை. ஒரு காலத்தில் நாங்களே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம், அதற்குக் காரணமும் இருந்தது. நம் உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்து வருவதில்லை, உடம்பே தயாரித்துக்கொள்கிறது, அதில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தத் தயாரிப்பு நாள் முழுக்க ஒரே அளவில் நடக்காது, நாம் சாப்பிடாமல் தூங்கும் நேரத்தில், அதாவது நள்ளிரவிலிருந்து விடியற்காலை வரை, அதிகமாக நடக்கும். அட்டோர்வாஸ்டாடின் மாதிரி ஸ்டாடின் வகை மாத்திரைகள் செய்வது என்னவென்றால், கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாரிக்க உதவும் ஒரு நொதியைப் பிடித்து நிறுத்திவைப்பது. தனக்கு வேண்டிய கொலஸ்ட்ரால் உள்ளே கிடைக்காத கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்ளும், ரத்தத்தில் அளவு குறையும்.

இந்த மருந்து வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி பூஞ்சைகளில் ஏதாவது ஒன்றில் இந்த நொதியை நிறுத்தும் சரக்கு இருக்கும் என்று நம்பி 6000-க்கும் மேல் சோதித்துப் பார்த்தார். கடைசியில், 1973-ல், கியோட்டோ நகரத்து தானியக் கடை ஒன்றின் அரிசியில் பிடித்திருந்த பச்சைப் பூஞ்சையில் அது கிடைத்தது. நம் வீட்டில் அரிசியில் பூஞ்சை கண்டால் முகத்தைச் சுளித்துக் கொட்டிவிடுவோம். அந்த மருந்து கடைக்கு வரவில்லை, ஆனால் அதே வழியில் போய் வேறொரு பூஞ்சையிலிருந்து எடுத்த லோவாஸ்டாடின் 1987-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அடுத்து சிம்வாஸ்டாடின். இந்த முதல் தலைமுறை மாத்திரைகளுக்கு ஆயுள் குறைவு, சிம்வாஸ்டாடின் ரத்தத்தில் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும். காலை எட்டு மணிக்கு அதைப் போட்டால் நள்ளிரவில் கல்லீரல் மும்முரமாக வேலை செய்யும்போது மருந்து போன இடம் தெரியாது. அதனால்தான் "கொழுப்பு மாத்திரை ராத்திரி" என்ற விதி வந்தது. அந்த மாத்திரைகளுக்கு அது சரியான விதி.

அட்டோர்வாஸ்டாடின் 1990-களின் கடைசியில் வந்தது. அது பாதியாகக் குறையவே சுமார் 14 மணி நேரம் ஆகும். அதோடு கல்லீரல் அதை உடைக்கும்போது உண்டாகும் பொருள்களும் அதே வேலையைச் செய்கின்றன, அதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த நொதியை அது அடக்கிவைக்கும் நேரம் ஒரு முழு நாளைத் தொடும். அதாவது இன்று விடியற்காலை போட்ட மாத்திரை இன்று நள்ளிரவிலும் அங்கேதான் இருக்கிறது. மருந்து மாறியது, விதி மட்டும் எங்கள் வாயிலும் சீட்டிலும் அப்படியே தங்கிவிட்டது. ராத்திரி எழுதுவதில் தப்பு எதுவும் இல்லை, ராத்திரி ஞாபகமாகப் போடுகிறவர்கள் அப்படியே தொடரலாம், மாற்றவே வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் மாதிரி ஊர் தூங்கும்போது எழுகிறவர்களுக்குத்தான் அது பொருந்தவில்லை.

சரி, எப்போது கொடுப்பது? இரண்டரைக்கு எழுந்து பல் விளக்கிவிட்டு டீ குடிப்பார் இல்லையா, அந்த டம்ளர் பக்கத்திலேயே மாத்திரையை வையுங்கள். தனி அட்டோர்வாஸ்டாடினுக்கு வெறும் வயிறு, சாப்பிட்ட வயிறு என்ற கணக்கு கிடையாது.

ஆனால் இங்கே ஒன்றை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பல சமயம் ஒரே கேப்சூலில் அட்டோர்வாஸ்டாடின், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அட்டையின் முதுகில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர், அதற்குக் கீழே பொடி எழுத்தில் என்னென்ன மருந்து எத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படியுங்கள், முடியாவிட்டால் மருந்துக்கடையில் காட்டிக் கேளுங்கள். அவர் போடுவது அந்தச் சேர்ப்பு மாத்திரை என்றால் விட்டுப்போன 13 நாளும் ரத்தம் உறையாமல் காக்கும் மருந்தும் சேர்ந்தே விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். கொழுப்பு மாத்திரை ஒரு நாள் விட்டால் பெரிதாக எதுவும் ஆகாது, ஸ்டென்ட் வைத்த முதல் வருஷத்தில் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை விடுவது ஆபத்து, ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளலாம். அப்படியென்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே டாக்டரிடம் போய் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. ஆஸ்பிரின் சேர்ந்த மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்குவதும் கூடாது. மார்க்கெட்டில் எட்டு மணிக்கு இட்லி சாப்பிடுவார் என்றால் அதற்கு அப்புறம் போடலாமா என்று டாக்டரிடமே கேட்டு, சீட்டில் 1-0-0 என்று மாற்றி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டில் மாறினால்தான் அடுத்த தடவை கடைக்காரரும் சரியாகச் சொல்வார்.

இதை இவ்வளவு நீட்டி எழுத ஒரு காரணம் உண்டு. என் பெரியம்மாவுக்கு நான்தான் கொழுப்பு மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், "ராத்திரிதான் போடணும் பெரியம்மா, பகல்ல போடாதீங்க" என்று அழுத்திச் சொன்னதும் நான்தான். அதுவும் அட்டோர்வாஸ்டாடின்தான். அவருக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது மாற்றுப் புடவை எடுக்க வீட்டுக்குப் போனேன். சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் ஏழு அட்டை, ஒன்றுகூடப் பிரிக்காமல். ராத்திரி மறந்துபோகுமாம், காலையில் ஞாபகம் வருமாம், பகலில் போடக்கூடாது என்று நான் சொன்னதால் எடுத்து வைத்துவிடுவாராம். மாத்திரை விட்டதால்தான் பக்கவாதம் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, அவருக்குப் பிரஷரும் இருந்தது. ஆனால் அந்த ஏழு அட்டையை நான் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து யாருக்கும் மாத்திரையின் பெயரைப் பார்க்காமல் நேரம் சொல்வதில்லை.

நெய்வேலியில் ஷிப்ட் வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் நைட். ரோசுவாஸ்டாடின் 10 ராத்திரி ஒன்று. நைட் ஷிப்ட் வாரத்தில் எனக்கு எது ராத்திரி? வேலைக்குக் கிளம்பும்போது போடுவதா, காலையில் வந்து படுக்கும்போது போடுவதா? நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசிலும் அடிக்கடி குடிக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.
— வாசகர், நெய்வேலி

நெஞ்செரிச்சலைச் சொன்னது நல்லதாகப் போயிற்று தம்பி, உங்களுக்கு முக்கியமான விஷயமே அதில்தான் இருக்கிறது.

ரோசுவாஸ்டாடின் பாதியாகக் குறைய சுமார் 19 மணி நேரம் பிடிக்கும், அதனால் ராத்திரியா பகலா என்ற கவலையே வேண்டாம். மூன்று ஷிப்ட்டிலும் நீங்கள் கட்டாயம் விழித்திருக்கும் ஒரு நேரத்தைப் பிடியுங்கள். சாயங்காலம் ஆறு மணி என்று வைத்தால் காலை ஷிப்ட்டில் வீட்டில் இருப்பீர்கள், நைட் ஷிப்ட்டில் தூங்கி எழுந்திருப்பீர்கள், மத்தியான ஷிப்ட்டில் மட்டும் வேலையில் இருப்பீர்கள். அந்த வாரத்துக்கு டிபன் பையில் நாலைந்து மாத்திரை அட்டையோடு வெட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மணி இரண்டு மணி முன்பின் ஆனால் ஒன்றும் இல்லை. இரண்டு மாத்திரைக்கு நடுவே 12 மணி நேரத்துக்குக் குறையாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் மாறும் நாளில்தான் பலரும் குழம்பி இரண்டு போட்டுவிடுகிறார்கள்.

இப்போது ஜெலுசில். அலுமினியமும் மெக்னீசியமும் சேர்ந்த நெஞ்செரிச்சல் மருந்தை ரோசுவாஸ்டாடினோடு சேர்த்துக் குடித்தால் மாத்திரை உடம்பில் சேரும் அளவு பாதியாகக் குறைந்துவிடும். முதலில் மாத்திரை, இரண்டு மணி நேரம் கழித்து ஜெலுசில், இப்படி இடைவெளி விட்டால் சரியாகிவிடும். எத்தனையோ பேர் ராத்திரி சாப்பிட்டதும் கொழுப்பு மாத்திரையை வாயில் போட்டு அதன் மேலேயே ஜெலுசில் ஊற்றிக்கொள்கிறார்கள், அப்புறம் டெஸ்ட்டில் கொழுப்பு குறையவில்லை, மாத்திரை சரியில்லை என்று கம்பெனியை மாற்றுகிறார்கள். அப்புறம் தம்பி, நைட் ஷிப்ட்டில் அடிக்கடி வரும் நெஞ்செரிச்சல் எல்லாமே வாயுதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை போடுகிறவர் நீங்கள், நடந்தால் படி ஏறினால் அது கூடுகிறதா என்று கவனித்து, ஒரு தடவை ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 71. பதினைந்து வருடமாக சிம்வாஸ்டாடின் 40, பிரஷருக்கு அம்லோடிபின். போன தீபாவளிக்கு மருமகள் ஏழு நாள் பெட்டி ஒன்று வாங்கி எல்லா மாத்திரையையும் காலை அறையிலேயே போட்டுத் தருகிறாள். பாவம், அக்கறையாகத்தான் செய்கிறாள். மறப்பதே இல்லை. ஆனால் இந்தத் தடவை எல்.டி.எல். கொஞ்சம் ஏறியிருக்கிறது. பெட்டி காரணமாக இருக்குமா?
— வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

இருக்கலாம் சார். மேலே அந்த அம்மாவுக்குச் சொன்ன பதில் உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் போடுவது அந்தப் பழைய, ஆயுள் குறைந்த மாத்திரை, அது சாயங்காலமோ ராத்திரியோதான். இங்கிலாந்தில் 60 பேரை வைத்து ஒரு சின்ன ஆய்வு செய்து 2003-ல் வெளியிட்டார்கள், ராத்திரி சிம்வாஸ்டாடின் போட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு பாதியைக் காலைக்கு மாற்றிப் பார்த்தார்கள். காலைக்கு மாறியவர்களுக்கு எல்.டி.எல். நம் ஊர் லேப் கணக்கில் சுமார் 10 ஏறியது. பெரிய ஏற்றம் இல்லைதான், ஆனாலும் காசு கொடுத்து வாங்கும் மருந்தில் அந்தப் பங்கை ஏன் விட வேண்டும்? மருமகளிடம் சொல்லி அந்த ஒரு மாத்திரையை மட்டும் ராத்திரி அறைக்கு மாற்றச் சொல்லுங்கள். பெட்டியை விட்டுவிடாதீர்கள், அது நல்ல பழக்கம்.

உங்கள் கடிதத்தில் நேரத்தை விட என் கண்ணில் பட்டது வேறு. அம்லோடிபின் போடுகிறவர்களுக்கு சிம்வாஸ்டாடின் ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-லேயே சொல்லிவிட்டது. அம்லோடிபின் சிம்வாஸ்டாடினின் அளவை ரத்தத்தில் ஏற்றும், தசைக்குக் கேடு வரும் வாய்ப்பு கூடும். நீங்கள் 40 போடுகிறீர்கள். இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லை, அதனால் பயந்து இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள், ஆனால் இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டி, இது சரிதானா, அட்டோர்வாஸ்டாடினோ ரோசுவாஸ்டாடினோ மாற்றலாமா என்று கேளுங்கள். மாற்றினால் மருமகள் பழையபடி எல்லாவற்றையும் காலை அறையிலேயே போடலாம். அதுவரை சளி, தொண்டைவலி என்று யாராவது கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் எழுதினால் "நான் சிம்வாஸ்டாடின் போடுகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், அந்த இரண்டும் சேரவே கூடாது. பம்ப்ளிமாஸ் பழத்தையும் தள்ளிவையுங்கள். அதன் நெருங்கிய சொந்தமான கிரேப்ஃப்ரூட் இந்த மாத்திரையோடு ஆகாது என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது, அதே சரக்கு பம்ப்ளிமாஸிலும் உண்டு.

ராத்திரி மறந்துவிட்டேன், காலையில் இரண்டாகப் போட்டுவிடலாமா?
— வாசகர், பண்ருட்டி

வேண்டாம். அடுத்த மாத்திரைக்கு இன்னும் 12 மணி நேரத்துக்கு மேல் இருக்கிறதென்றால் ஞாபகம் வந்ததும் ஒன்று போடுங்கள், அதற்குக் குறைவு என்றால் விட்டதை விட்டுவிட்டு வழக்கமான நேரத்துக்குப் போடுங்கள். இரண்டாக எப்போதும் கிடையாது. வாரத்தில் மூன்று நாள் இப்படி மறக்கிறது என்றால் உங்கள் நேரத்தை மாற்றுங்கள்.

எங்கள் அப்பா கடலுக்குப் போகிறவர். மூணு மணிக்கு போட் எடுத்தால் மறுநாள்தான் கரை. தினமும் மீன் சாப்பிடுகிறவனுக்கு எதற்கு இந்த மாத்திரை என்று கேட்கிறார். என்ன சொல்வது அக்கா?
— வாசகி, தேவனாம்பட்டினம்

மீன் நல்லதுதான் என்று முதலில் அவர் பக்கம் பேசுங்கள். மத்தி, அயிலை என்கிற கானாங்கெளுத்தி மாதிரி கொழுப்புள்ள மீன்களில் இருக்கும் ஒமேகா-3 டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பைக் குறைக்கும். எல்.டி.எல்.லை அது பெரிதாகக் குறைப்பதில்லை. அதைத் தயாரிப்பது அவருடைய கல்லீரல், தட்டில் என்ன விழுகிறது என்று பார்த்துக்கொண்டு அது சும்மா இருக்காது. எல்.டி.எல். ஏறியிருக்கிறது, டாக்டர் எழுதியிருக்கிறார் என்றால் மீனும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்.

நேரத்துக்கு வழி: அட்டோர்வாஸ்டாடின் அல்லது ரோசுவாஸ்டாடின் என்றால் போட் எடுக்கும் முன் கரையிலேயே, தண்ணீர் கேன் ஏற்றும்போது போட்டுவிடச் சொல்லுங்கள். கடலுக்குப் போகாத நாளில் அதே மூணு மணிக்கு எழுப்ப வேண்டாம், விடிந்து எழுந்ததும் போட்டால் போதும். அட்டையை பெட்ரோல் கேன் பக்கமோ வெயில்படும் இடத்திலோ வைக்காமல் மூடி இறுகும் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுங்கள், உப்புத் தண்ணீரும் சூடும் மாத்திரைக்கு ஆகாது.

ராத்திரி கொழுப்பு மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து தொடையும் கெண்டைக்காலும் வலி. தூக்கமும் போச்சு. காலைக்கு மாற்றினால் வலி போகுமா, இல்லை நிறுத்திவிடவா?
— வாசகி, நெல்லிக்குப்பம்

என்ன மாத்திரை என்று எழுதவில்லையே அம்மா. அட்டோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் இரண்டில் ஒன்று என்றால் காலைக்கு மாற்றிப் பாருங்கள், தூக்கத்துக்கு அது உதவலாம், சிலருக்கு உதவியிருக்கிறது. வலிக்கு நேரம் மாற்றுவதால் மட்டும் பெரிய வித்தியாசம் வரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் வலி நிஜம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அது மாத்திரையிலிருந்துதான் வருகிறதா என்பது தனிக் கேள்வி. லண்டனில் 2020-ல் முடிவு வந்த ஒரு ஆய்வில், வலி, சோர்வு என்று ஸ்டாடினை நிறுத்திவிட்ட 60 பேரைச் சேர்த்தார்கள். ஒரு வருஷம், நாலு மாசம் நிஜ மாத்திரை, நாலு மாசம் மருந்தே இல்லாத போலி மாத்திரை, நாலு மாசம் எதுவும் இல்லை, இப்படி மாதாமாதம் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எது நிஜம் எது போலி என்று அவர்களுக்குத் தெரியாது. நிஜ மாத்திரையில் வந்த தொந்தரவில் சுமார் 90 சதவீதம் போலி மாத்திரை விழுங்கிய மாதங்களிலும் வந்தது. மாத்திரை எடுக்கிறோம், ஏதோ செய்யும் என்ற நினைப்பே உடம்பில் வலியாக இறங்குகிறது, இது கற்பனை என்று தள்ளும் விஷயமில்லை, அவர்களுக்கு நிஜமாகவே வலித்தது. முடிவைப் பார்த்த அப்புறம் அவர்களில் பாதிப் பேர் மறுபடி ஸ்டாடினை ஆரம்பித்தார்கள்.

அதனால் நீங்களாக நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் சொல்லி சி.கே. என்ற தசை டெஸ்ட், தைராய்டு, வைட்டமின் டி மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைந்திருந்தால் அதுவே கொலஸ்ட்ராலையும் ஏற்றும், தசை வலியையும் கொடுக்கும். நம் ஊர்ப் பெண்களிடம் அது நிறைய, பார்க்காமல் விடுவதும் நிறைய. அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாடின் மாற்றலாம், எஸெட்டிமைப் என்ற வேறு வகை மாத்திரை சேர்க்கலாம், அதற்கும் நேரக் கணக்கு கிடையாது. ஒரே ஒரு சமயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. வலி கடுமையாகி, உடம்பில் பலமே இல்லாமல் போய், சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது அபூர்வம், ஆனால் வந்தால் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

நாளைக்கு லேப்புக்குப் போகிறேன். இன்று ராத்திரி கொழுப்பு மாத்திரை போடலாமா? காலையில் வெறும் வயிற்றில்தான் போகணுமா?
— வாசகர், அரியாங்குப்பம்

போட்டுவிட்டே போங்கள். மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்கத்தானே டெஸ்ட், நிறுத்திவிட்டுப் பார்த்தால் எதைப் பார்ப்பது? வெறும் வயிறு எல்லாருக்கும் கட்டாயம் இல்லை, எல்.டி.எல். ஒரு வேளைச் சாப்பாட்டில் அதிகம் மாறாது. டிரைகிளிசரைடு அதிகம் என்று முன்பே சொல்லியிருந்தாலோ, அதே ரத்தத்தில் சுகரும் சேர்த்துப் பார்க்கிறார்கள் என்றாலோ சாப்பிடாமல் போங்கள். மாத்திரை புதிதாக ஆரம்பித்தவர்கள் ஒரே வாரத்தில் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டாம், நாலு வாரமாவது போகட்டும்.

பிரஷர் மாத்திரையை ராத்திரி போட்டால் ஹார்ட் அட்டாக்கே வராது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. கொழுப்பு மாத்திரையைக் காலைக்கு மாற்றி, பிரஷர் மாத்திரையை ராத்திரிக்கு மாற்றலாமா?
— வாசகர், லாஸ்பேட்டை

அப்படி ஒரு ஸ்பெயின் ஆய்வு 2019-ல் வந்தது, பெரிய பேச்சாகவும் ஆனது. அப்புறம் பிரிட்டனில் 21,104 பேரை வைத்து, காலையா மாலையா என்று பிரித்து, ஐந்து வருஷத்துக்கு மேல் பார்த்தார்கள். 2022-ல் வந்த முடிவு: மாரடைப்பு, பக்கவாதம் எதிலும் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. பிரஷர் மாத்திரை உங்களுக்கு எந்த நேரத்தில் பழக்கமோ அங்கேயே இருக்கட்டும். அதில் நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்திருந்தால் ராத்திரிக்கு மாற்றவே மாற்றாதீர்கள், இரண்டு தடவை பாத்ரூமுக்கு எழுந்து இருட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பரங்கிப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் அப்பாவுக்குப் பகல் பதினோரு மணிக்கு நெஞ்சுவலி. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப்போனோம். ஈ.சி.ஜி. பார்த்துவிட்டு ஒரேயடியாக 14 மாத்திரை கொடுத்தார்கள், அதில் 8 கொழுப்பு மாத்திரையாம். அப்புறம் 108-ல் ஏற்றி அனுப்பினார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் ராத்திரி ஒன்று போடும் மாத்திரையைப் பட்டப்பகலில் எட்டு கொடுத்தது சரியா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
— வாசகர், பரங்கிப்பேட்டை

சரிதான் தம்பி, ரொம்பச் சரி. அவரை நல்ல நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறீர்கள்.

தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டம் அது. மாரடைப்பு என்று தெரிந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8, மொத்தம் 14 மாத்திரை கொடுத்துவிடுவார்கள். அட்டோர்வாஸ்டாடின் ஒவ்வொன்றும் 10 மில்லிகிராம், எட்டும் சேர்ந்தால் 80. அதுதான் அந்த மருந்தின் முழு அளவு, அதைத் தாண்டவில்லை. முதல் ஆறும் அந்த நேரத்தில் ரத்தம் மேலும் உறையாமல் தடுப்பதற்கு. கொழுப்பு மாத்திரையை அப்போது அவ்வளவு கொடுப்பது கொலஸ்ட்ரால் குறையட்டும் என்பதற்காக மட்டும் இல்லை, வெடித்த கொழுப்புப் படிவைச் சுற்றியுள்ள அழற்சியை அடக்கவும் அது உதவும். அந்த இடத்தில் பகலா ராத்திரியா என்று யாரும் பார்க்க மாட்டார்கள், நிமிஷக் கணக்கு மட்டும்தான். பரங்கிப்பேட்டையிலிருந்து ஆம்புலன்ஸ் போய்ச் சேரும் நேரத்தை அந்த 14 மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறது. சொந்தக்காரர்களிடம் இதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள், அட்டோர்வாஸ்டாடின் 40 அல்லது 80 என்று ஒரு வரி இருக்கும், மாரடைப்பு வந்தவர்களுக்கு அது வருஷக்கணக்கில் தொடர வேண்டிய மருந்து. நன்றாகத்தானே இருக்கிறார் என்று முதல் மாசத்து அட்டை தீர்ந்ததோடு விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அப்பாவிடம் கடைசியாக அதை எப்போது போட்டார் என்று கேளுங்கள், கூடவே அட்டையையும் எண்ணிவிடுங்கள். அவருக்கு எந்த நேரம் ஒத்துவரும் என்று அவரிடமே கேட்டு அந்த நேரத்துக்கு வையுங்கள். எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள், எத்தனை மீதி இருந்தது என்று.